சொந்த காரா... வாடகை காரா? டியூவுக்கும் மழைக்கும் நடுவில் தவிக்கும் அரவேணு டிரைவர்கள்

கோத்தகிரி:

நீலகிரி மாவட்டம் கோத்தகிரியில் இருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் ரோட்டில் இருக்கிறது அரவேணு. கேத்தரின் நீர்வீழ்ச்சி பார்க்க வருகிறவர்கள் இங்கேதான் திரும்ப வேண்டும். கோடை சீசனில் ஊட்டியில் இருந்து இறங்கும் வண்டிகளை போலீசார் கோத்தகிரி வழியாக திருப்பி விடுவதால், ஏப்ரல், மே மாதங்களில் இந்த ரோடு திணறும்.

சுற்றிலும் தேயிலை. பச்சை தேயிலை விலை ஒரு மாதம் ஏறினால் மறுமாதம் இறங்குகிறது. அதை நம்பி குடும்பம் நடத்த முடியாது என்று ஸ்டீயரிங் பிடித்த இளைஞர்கள் கோத்தகிரி வட்டாரத்தில் ஏராளம். லைசென்ஸ் எடுத்தாச்சு. மலை ரோடும் கைவந்த கலை. அடுத்த கேள்விதான் எல்லாரையும் குழப்புகிறது. கடன் வாங்கி சொந்தமாக கார் எடுப்பதா? இல்லை, அடுத்தவர் காரை வாடகைக்கோ லீசுக்கோ எடுத்து ஓட்டுவதா?

சொந்த வண்டி என்றால் மாமனார் வீட்டில் மரியாதை. வாடகை வண்டி என்றால் ராத்திரி நிம்மதியான தூக்கம். ஆனால் மரியாதையும் தூக்கமும் டியூ கட்டாது. கணக்கு போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

மூணு வழி

டாக்சி ஓட்ட நினைப்பவருக்கு இன்று மூன்று வழி இருக்கிறது.

முதல் வழி, முன்பணம் கட்டி, மீதிக்கு பாங்கிலோ பைனான்சிலோ கடன் போட்டு மஞ்சள் போர்டு கார் எடுப்பது. கடன் தீரும் வரை ஆர்.சி. புக்கில் பைனான்ஸ் கம்பெனி பெயரும் இருக்கும். ஆர்.டி.ஓ. ஆபீஸ் பாஷையில் 'எச்.பி.'.

இரண்டாவது, கம்பெனி லீஸ். டெபாசிட் கட்டி, மூன்று நான்கு வருடத்துக்கு ஒப்பந்தம் போட்டு, தினமோ வாரமோ மாதமோ வாடகை கட்டுவது. இது பெரும்பாலும் சென்னை, பெங்களூரு மாதிரி பெரிய நகரங்களின் சமாச்சாரம்.

மூன்றாவது, உள்ளூரில் இரண்டு மூன்று கார் வைத்திருப்பவரிடம் நாள் வாடகைக்கு எடுப்பது. ஓடும் நாளுக்கு மட்டும் பணம். டீசல் டிரைவருடையது. இன்சூரன்ஸ், எப்.சி., டயர் எல்லாம் ஓனருடையது. வண்டியே எடுக்காமல் பேட்டாவுக்கு ஆக்டிங் டிரைவராக போகிறவர்களும் உண்டு.

218 நாள் கணக்கு

ஒரு உதாரணத்துக்கு, ரோட்டுக்கு வரும்போது 8 லட்சம் ரூபாய் ஆகும் கார் என்று வைத்துக்கொள்வோம். 2 லட்சம் முன்பணம். 6 லட்சம் கடன். வட்டி 11 சதவீதம். 5 வருடம். மாத டியூ சுமார் 13 ஆயிரம் ரூபாய் வரும். இன்சூரன்ஸ், டாக்ஸ், எப்.சி., டயர், சர்வீஸ் எல்லாம் சேர்த்து மாதத்துக்கு 5 ஆயிரம் ஒதுக்கினால், வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் 18 ஆயிரம் எடுத்து வைத்தாக வேண்டும்.

அதே காரை நாள் வாடகை 900 ரூபாய்க்கு எடுத்தால்? 18 ஆயிரத்தை 900-ஆல் வகுத்தால் 20. அதாவது மாதம் 20 நாளுக்கு மேல் சவாரி இருந்தால் அந்த மாதம் சொந்த வண்டிக்கு லாபம். 20 நாளுக்கு குறைந்தால் வாடகை வண்டிக்கு லாபம்.

இப்போது 5 வருடத்தை மொத்தமாக பார்க்கலாம். சொந்த வண்டிக்காரர் முன்பணம் 2 லட்சம், மாத செலவு 10 லட்சத்து 80 ஆயிரம், ஆக 12 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் போட்டிருப்பார். கடைசியில் காரை 3 லட்சத்துக்கு விற்றால், கையை விட்டு போனது 9 லட்சத்து 80 ஆயிரம்.

வாடகை வண்டிக்காரர் வருடத்துக்கு 200 நாள் ஓட்டினால் 5 வருடத்தில் 9 லட்சம் கட்டியிருப்பார். 240 நாள் ஓட்டினால் 10 லட்சத்து 80 ஆயிரம். இரண்டும் சமமாகும் இடம் வருடத்துக்கு 218 நாள்.

ஆக, 218 நாளுக்கு மேல் வண்டி ஓடும் என்ற தைரியம் இருந்தால் வாங்கலாம். இல்லாவிட்டால் அவசரப்பட வேண்டாம். வாடகை, விலை, வட்டி மாறினால் இந்த நாள் எண்ணிக்கையும் மாறும். ஆனால் போட வேண்டிய கணக்கு இதேதான். ஷோரூமில் கார் கலரை பார்ப்பதற்கு முன்னால் போன வருட டிரிப் நோட்டை எடுத்து, எத்தனை நாள் சவாரி கிடைத்தது என்று எண்ண வேண்டும்.

மழைக்கு டியூ தேதி தெரியாது

கோவையில் 218 நாள் என்பது பெரிய விஷயம் இல்லை. மலையில்தான் இடிக்கிறது.

நீலகிரிக்கு ஏப்ரல், மே முதல் சீசன். செப்டம்பர், அக்டோபர் இரண்டாவது சீசன். அதோடு தென்மேற்கு பருவமழை ஊட்டி, கூடலூர் பக்கம் கொட்டும். வடகிழக்கு பருவமழை கோத்தகிரி, குன்னூர் பக்கம் வெளுத்து வாங்கும். 2009 நவம்பரில் பெய்த பேய்மழையில் மாவட்டம் முழுக்க மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் பலியானதை கோத்தகிரி மக்கள் மறக்கவில்லை. மரம் விழுந்தாலும் மண் சரிந்தாலும் ரோடு அடைபடும். ரோடு அடைபட்டால் டிரிப் கேன்சல்.

சீசன் மாதம் நாலில் தலா 26 நாள், சுமாரான மாதம் நாலில் 16 நாள், மழை மாதம் நாலில் 8 நாள் என்று வைத்தால் வருடத்துக்கு வருவது சரியாக 200 நாள். 218-ஐ தொடவில்லை!

இதில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. 26 நாள் ஓடும் சீசன் மாதத்தில் வாடகை வண்டிக்காரர் 23 ஆயிரத்து 400 ரூபாய் கட்டுகிறார். சொந்த வண்டிக்காரருக்கு 18 ஆயிரம்தான். மிச்சம் 5 ஆயிரத்து 400. ஆனால் 8 நாள் மட்டும் ஓடும் மழை மாதத்தில் வாடகைக்காரர் கட்டுவது 7 ஆயிரத்து 200. சொந்த வண்டிக்காரருக்கு அதே 18 ஆயிரம். துண்டு 10 ஆயிரத்து 800. அதாவது ஒரு மழை மாதத்தின் ஓட்டையை அடைக்க இரண்டு சீசன் மாதத்தின் மிச்சம் முழுசா போய்விடும்.

சீசனில் கையில் காசு புரளும்போது வீட்டுக்கு டி.வி., பொண்ணுக்கு கம்மல் என்று செலவாகி விடுகிறது. நவம்பரில் டியூ தேதி வரும்போது நகை அடகு கடைக்கு போகிறது. பல டிரைவர்களை கவிழ்ப்பது கார் விலை இல்லை, இந்த நவம்பர்தான்.

மலைக்கு இன்னொரு செலவும் உண்டு. ஏற்றத்தில் கிளட்ச் தேயும். இறக்கத்தில் பிரேக் தேயும். கொண்டை ஊசி வளைவில் டயர் தேயும். சமவெளி டிரைவர் சொல்லும் பராமரிப்பு கணக்கை நம்பி மலையில் கார் எடுத்தால் கையை கடிக்கும்.

'பிளாட்' வட்டி கண்கட்டு வித்தை

கடன் வாங்கும்போது பலர் ஏமாறும் இடம் வட்டி. வெறும் 8 சதவீதம் 'பிளாட்' வட்டிதான் என்று ஏஜெண்டு சொன்னால், பாங்கில் 11 சதவீதமாச்சே, இது குறைச்சல் என்று கையெழுத்து போட்டு விடுகிறார்கள்.

கணக்கை பாருங்கள். 6 லட்சத்துக்கு 8 சதவீதம் பிளாட் என்றால் வருடம் 48 ஆயிரம், 5 வருடத்துக்கு 2 லட்சத்து 40 ஆயிரம் வட்டி. மாத டியூ 14 ஆயிரம். அசல் குறையக் குறைய வட்டி குறையும் முறைப்படி பார்த்தால் இது 14 சதவீதத்துக்கும் மேல்! பாங்கின் 11 சதவீதத்தில் மொத்த வட்டி 1 லட்சத்து 83 ஆயிரம் ரூபாய் அளவுதான். 8 என்று சொன்னது 11-ஐ விட 57 ஆயிரம் ரூபாய் அதிகம்.

இதை தடுக்கத்தான் 2024 அக்டோபர் 1 முதல், கடன் கொடுக்கும்போது எல்லா கட்டணமும் சேர்ந்த உண்மையான வருட வட்டியை ஒரே தாளில், கடன் வாங்குபவருக்கு புரிகிற பாஷையில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அந்த தாளை கேட்டு வாங்கி படித்த பிறகு கையெழுத்து போடுவது நல்லது.

டியூ தவறினால் வண்டியை தூக்கிவிடுவார்கள் என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. ஆனால் அடியாட்களை விட்டு வண்டியை பிடுங்கக் கூடாது என்று 2007-ம் ஆண்டிலேயே சுப்ரீம் கோர்ட்டு கண்டித்திருக்கிறது. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்கு பிறகும் வசூல் ஏஜெண்டுகள் போன் போடக் கூடாது என்று 2022-ல் ரிசர்வ் வங்கியும் சொல்லிவிட்டது. மிரட்டல் வந்தால் போலீசில் புகார் கொடுக்கலாம்.

வீட்டு லீஸ் வேற, கார் லீஸ் வேற

தமிழ்நாட்டில் லீஸ் என்றதும் வீட்டு லீஸ்தான் ஞாபகத்துக்கு வரும். மொத்தமாக 3 லட்சமோ 5 லட்சமோ கொடுத்து, வாடகை இல்லாமல் குடியிருந்து, காலி பண்ணும்போது முழு பணத்தையும் வாங்கிக்கொண்டு போவது.

கார் லீஸ் அப்படி இல்லை. டெபாசிட்டும் கொடுக்க வேண்டும், வாடகையும் கட்ட வேண்டும். திருப்பி விடும்போது கீறல், நசுங்கல், பாக்கி வாடகை என்று டெபாசிட்டில் பிடித்தம் வரலாம். பாதியில் விட்டால் அபராதம் என்று ஒப்பந்தத்தில் போட்டிருப்பார்கள். எல்லாவற்றையும் விட முக்கியம், சவாரி இல்லாத நாளுக்கும் வாடகை ஓடுகிறதா என்பது. ஓடும் என்றால் அந்த லீசுக்கும் பாங்க் டியூவுக்கும் மழை மாதத்தில் ஒரு வித்தியாசமும் கிடையாது. கடைசியில் கார் மட்டும் நமக்கு இல்லை!

சட்டத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. லீஸ் ஒப்பந்தப்படி வண்டியை கையில் வைத்திருப்பவரையே 'ஓனர்' என்று 1988-ம் ஆண்டு மோட்டார் வாகன சட்டம் சொல்கிறது. அதனால் இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா, அது டாக்சிக்கு உரிய இன்சூரன்ஸ்தானா என்று பார்க்காமல் சாவியை வாங்கக் கூடாது.

ஒரே ராத்திரியில் காணாமல் போன கார்

கம்பெனியை நம்பியவர்கள் பட்ட பாடு நாட்டுக்கே தெரியும். ஓலா, உபேர் நிறுவனங்கள் நகரங்களில் காலூன்றிய நேரத்தில், அவர்கள் கொடுத்த ஊக்கத்தொகையை பார்த்து ஆயிரக்கணக்கானோர் கடனிலும் லீசிலும் கார் எடுத்தார்கள். ஊக்கத்தொகை குறைந்ததும் டியூ கட்ட முடியவில்லை. 2017-ல் டெல்லியிலும் பெங்களூருவிலும் டிரைவர்கள் ஸ்டிரைக்கில் குதித்தார்கள்.

2025-ல் நடந்தது இன்னும் பெரிய அதிர்ச்சி. டெல்லியிலும் பெங்களூருவிலும் மின்சார கார் ஓட்டிய புளூஸ்மார்ட் நிறுவனத்தில் டிரைவர்களுக்கு சொந்த கார் கிடையாது. கம்பெனியே கார் கொடுத்தது. அந்த கார்களில் பெரும்பகுதி ஜென்சால் என்ற இன்னொரு கம்பெனியிடம் லீசுக்கு எடுத்தவை. 6 ஆயிரத்து 400 கார் வாங்க கடன் பெற்று 4 ஆயிரத்து 704 கார்தான் வாங்கினார்கள், மீதி பணம் வேறு வழியில் போனது என்று 2025 ஏப்ரல் 15-ந்தேதி பங்குச்சந்தை கட்டுப்பாட்டு அமைப்பான செபி உத்தரவு போட்டது. அதே வாரத்தில் புளூஸ்மார்ட் புக்கிங் நின்றது. ஆயிரக்கணக்கான டிரைவர்கள் ஒரே ராத்திரியில் வேலை இழந்தார்கள்.

ஆனால் ஒன்று. அவர்கள் தலையில் கார் கடன் இல்லை. வேலை போனது, கடன் வரவில்லை. 2020 கொரோனா ஊரடங்கில் சொந்த கார்காரர்கள் நிலைமை இதற்கு நேர் எதிர். வண்டி வாசலில் நின்றது. மார்ச் முதல் ஆகஸ்டு வரை 6 மாதம் டியூவை தள்ளிப்போட ரிசர்வ் வங்கி அனுமதித்தது. ஆனால் வட்டி நிற்கவில்லை. 11 சதவீத வட்டிக்கு 6 லட்சம் பாக்கி இருந்தவருக்கு மாதம் 5 ஆயிரத்து 500 வீதம் 33 ஆயிரம் ரூபாய் வட்டி ஏறியது. வட்டியை முழுசா தள்ளுபடி செய்ய முடியாது, வட்டிக்கு வட்டி மட்டும் கூடாது என்று 2021 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது.

சிங்கப்பூரில் வேறு கதை. அங்கே கார் வைத்துக்கொள்ளும் உரிமைச்சீட்டுக்கே 2025-ல் 1 லட்சம் சிங்கப்பூர் டாலருக்கு மேல் போனது. அதனால் அங்கே வாடகை கார் ஓட்டுவது சகஜம். நம்மூரில் அந்த நிலைமை இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாக குறைந்ததால் விலையும் இறங்கியது. ஷோரூம் ஆட்கள் போன் மேல் போன் போட இதுவும் ஒரு காரணம்.

டி.என். 43-க்கு தனி மவுசு

அரவேணுகாரர்கள் கவனிக்க வேண்டிய உள்ளூர் விஷயம் ஒன்று இருக்கிறது. ஐகோர்ட்டு உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை, வார நாட்களில் 6 ஆயிரம் வண்டி, சனி, ஞாயிறில் 8 ஆயிரம் வண்டி என்று உச்சவரம்பும் வந்தது. இதை எதிர்த்து வியாபாரிகள் 2025 ஏப்ரல் 2-ந்தேதி கடையடைப்பு நடத்தினார்கள்.

இதில் ஊட்டி ஆர்.டி.ஓ. பதிவான டி.என். 43 வண்டிகளுக்கு இ-பாஸ் தேவையில்லை என்று விலக்கு கொடுக்கப்பட்டது. அதனால் கோவையில் சல்லிசாக லீசுக்கு கிடைக்கிறது என்று வெளி மாவட்ட நம்பர் வண்டியை கொண்டு வந்தால், குஞ்சப்பனை சோதனைச்சாவடியில் வெளியூர்காரர் மாதிரி நிற்க நேரிடும். செகண்ட் ஹேண்டு வாங்கினாலும், லீசுக்கு எடுத்தாலும் முதலில் பார்க்க வேண்டியது நம்பர் பிளேட்.

பேர் மாற்றாத வண்டி... பெரிய தலைவலி

லீசும் இல்லாமல், முறையான கடனும் இல்லாமல் நடுவில் ஒரு வழியை சிலர் பிடிக்கிறார்கள். டியூ கட்ட முடியாதவரிடம் கொஞ்சம் பணம் கொடுத்து வண்டியை வாங்கி, மீதி டியூவை தான் கட்டுவதாக வாய் வார்த்தையில் பேசிக்கொள்வது. ஆர்.சி. பழையவர் பேரிலேயே இருக்கும்.

விபத்து நடந்தால் ஆர்.சி.யில் பேர் இருப்பவர்தான் நஷ்டஈட்டுக்கு பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. விற்றவருக்கு அந்த ஆபத்து. வாங்கியவருக்கு வேறு ஆபத்து. முழு டியூவும் கட்டி முடித்த பிறகு வண்டி என்னுடையது என்று பழையவர் வந்து நின்றால் கையில் ஒரு காகிதமும் இருக்காது.

வெள்ளை போர்டு காரில் சவாரி அடிப்பதும் இதே ரகம்தான். சொந்த உபயோகத்துக்கு போட்ட இன்சூரன்ஸ், வாடகை சவாரிக்கு செல்லாது. ஒரு விபத்து போதும், தேயிலை தோட்டமே கைமாறிப் போகும்.

அப்படியானால் எது நல்லது?

புதுசாக தொழிலுக்கு வருகிறவர் முதல் வருடம் நாள் வாடகையிலோ ஆக்டிங்கிலோ ஓட்டுவது பாதுகாப்பு. அந்த ஒரு வருடத்தில் இரண்டு சீசனும் இரண்டு மழையும் பார்த்துவிடலாம். எத்தனை நாள் ஓடியது என்று நோட்டில் எழுதி வைத்தால், வாங்கலாமா வேண்டாமா என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும்.

வாங்குவதாக இருந்தால் புது கார்தான் வேண்டும் என்று இல்லை. 4 லட்சம் ரூபாய்க்கு டி.என். 43 செகண்ட் ஹேண்டு கார், 2 லட்சம் முன்பணம், 2 லட்சம் கடன், 14 சதவீத வட்டி, 3 வருடம் என்றால் டியூ சுமார் 6 ஆயிரத்து 850. பழைய வண்டி என்பதால் பராமரிப்புக்கு கூடுதலாக 6 ஆயிரத்து 500 வைத்தாலும், மாதம் 15 நாள் ஓடினால் நாள் வாடகைக்கு சமமாகிவிடும். புது காருக்கு தேவை 20 நாள். மலையில் இந்த 5 நாள் பெரிய வித்தியாசம். ஆனால் 8 வருடம் தாண்டிய டாக்சிக்கு வருடா வருடம் எப்.சி. எடுக்க வேண்டும். அதை பார்த்து வயசு குறைந்த வண்டியாக எடுக்க வேண்டும்.

டூரிஸ்டை மட்டும் நம்பாமல், கோவைக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் ஆஸ்பத்திரி சவாரி, ஸ்கூல் பிள்ளைகள், ஊர் கல்யாணம், பேரகணி ஹெத்தையம்மன் திருவிழா என்று உள்ளூர் சவாரி பிடித்து வைத்திருப்பவருக்கு மழை மாதத்திலும் வண்டி நிற்காது. அவருக்கு சொந்த வண்டி தாராளமாக கட்டுப்படியாகும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் என்றால் தாட்கோ மானிய கடனையும் விசாரித்துவிட்டு பைனான்ஸ் பக்கம் போகலாம்.

கடனை கட்டி முடித்தவர்களுக்கும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பைனான்சில் என்.ஓ.சி. வாங்கி, ஆர்.டி.ஓ. ஆபீசில் எச்.பி. கேன்சல் பண்ண வேண்டும். இன்சூரன்சிலும் பைனான்ஸ் பேரை எடுக்க வேண்டும். இதை மறந்துவிட்டு, வண்டியை விற்கும்போது பழைய பைனான்சை தேடி அலைகிறவர்கள் உண்டு.

விவசாயிக்கு கொடுக்கும் பயிர்க்கடனுக்கு அறுவடையை பார்த்துத்தான் பாங்குகள் தவணை தேதி வைக்கின்றன. மலை டாக்சிக்கும் சீசன்தான் அறுவடை. ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபரில் டியூ அதிகம், மழை மாதத்தில் குறைச்சல் என்று மாற்றி வைத்தால் கட்ட முடியாமல் போகிற டியூ குறையலாம். கடன் போடும் முன்பே இதை பாங்க் மேனேஜரிடம் கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. கையெழுத்து போட்ட பிறகு கேட்டால் பலன் இருக்காது.